பூச்சாண்டியை நாமே செய்வோம்!

"அதோ பூச்சாண்டி வர்றான் பாரு... வாயைத் திற!"

இதைச் சொல்லாமல் சோறு ஊட்டிய தாய்மார்கள் நம்மில் எத்தனை பேர்? கிண்ணம் காலியாகிவிடும், உண்மைதான். ஆனால் ராத்திரி விளக்கை அணைத்ததும் அதே குழந்தை, "அம்மா, கதவுக்குப் பின்னாடி யாரோ இருக்காங்க" என்று நம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுகிறதே! பகலில் நாம் சோற்றோடு சேர்த்து ஊட்டிய பயம் அது. இரண்டரை வயதிலிருந்து ஐந்து, ஆறு வயது வரை நிஜம் எது, கற்பனை எது என்று பிரித்துப் பார்க்கும் திறன் முழுசாக வந்திருப்பதில்லை. நமக்குப் பூச்சாண்டி வெறும் பேச்சு. அதற்கோ, அவன் நிஜமாகவே கதவுக்குப் பின்னால் நிற்கிறான்.

இந்தப் பயத்தைப் போக்க நல்ல வழி ஒன்று உண்டு. பூச்சாண்டியைக் குழந்தையின் கையாலேயே செய்ய வைத்துவிடுவது!

அக்டோபர் 31-ந் தேதி மேல்நாடுகளில் 'ஹாலோவீன்' என்று கொண்டாடுகிறார்கள். குழந்தைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். டி.வி.யிலும் செல்போனிலும் பார்த்துவிட்டு, நம் வாண்டுகளும் இப்போது அதைக் கேட்கிறார்கள். மறுநாள் நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். வில்லியனூர் மாதா கோயில் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதற்கு உறவான பண்டிகைதான் ஹாலோவீன். அயர்லாந்துக்காரர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கினார்கள். அமெரிக்காவுக்குப் போன பிறகு அதுவே பரங்கிக்காய் ஆயிற்று.

காயில் கோர முகம் நமக்கு மட்டும் புதிதா என்ன? கட்டுகிற வீட்டின் முன்னால் மீசையும் கோரைப் பல்லும் எழுதித் தொங்கவிடும் திருஷ்டிப் பூசணி இருக்கிறதே! ஊர் எல்லையில் ஐயனார் கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிறார். குழந்தை அவரைப் பார்த்து மிரண்டால், "அவர் நம்மைப் பயமுறுத்த நிக்கலடா கண்ணு, நமக்குக் காவலா நிக்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் தெளிந்துவிடும்.

சரி, ஒரு நடுத்தரப் பரங்கிக்காய் வாங்குங்கள். முதலில் வாளித் தண்ணீர் விளையாட்டு. "இவ்ளோ பெரிய காய் முங்குமா, மிதக்குமா?" என்று கேளுங்கள். "முங்கிடும்!" என்றுதான் பதில் வரும். போட்டால் மிதக்கும்! உள்ளே இருக்கும் வெற்றிடம்தான் காரணம். பக்கத்தில் ஒரு சின்னக் கூழாங்கல்லைப் போடச் சொல்லுங்கள், அது முங்கிவிடும். பெரிசெல்லாம் முங்காது, சிறிசெல்லாம் மிதக்காது என்று குழந்தை தானே தெரிந்துகொள்ளும். (வாளியருகே குழந்தையைத் தனியே விட்டு நகராதீர்கள். விளையாட்டு முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.)

பிறகு மேல்பக்கத்தை மூடி மாதிரி நீங்கள் வெட்டிக் கொடுங்கள். கத்தி உங்கள் கையில்தான்! உள்ளே கை விட்டு விதை எடுப்பது குழந்தையின் வேலை. வழவழப்பு, நார், ஈரம் எல்லாம் விரலுக்குப் பாடம். விதைகளைப் பத்துப் பத்தாக அடுக்கினால் எண்ணிக்கை தானாக வரும். கண் முக்கோணமா, வட்டமா? வாய் சிரிக்கட்டுமா, அழட்டுமா? கரித்துண்டால் அது வரையட்டும், நீங்கள் செதுக்குங்கள். உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம், சின்ன டார்ச் போதும். விளக்கை அணைப்பதும் போடுவதும் குழந்தையின் கையில் இருக்கட்டும். இருட்டைத் தானே கொண்டுவந்து தானே விரட்டலாம் என்று தெரிந்த குழந்தைக்குப் பாதி பயம் போய்விடும்.

குடைந்தெடுத்த சதையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கண்ணுக்கு நல்லதான கரோட்டின் சத்து அதில் உண்டு. வேகவைத்து மசித்து, பாசிப்பருப்பும் ஒரு சொட்டு நெய்யும் சேர்த்துக் கொடுங்கள். தான் குடைந்த காய் என்பதால் பூச்சாண்டியைக் கூப்பிடாமலே சாப்பிடும்! விதையை வறுத்தால் ருசிதான், ஆனால் நாலு வயதுக்குக் கீழே முழு விதை கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கும். பொடித்துச் சாதத்தில் கலக்கலாம்.

முகமூடி வேண்டுமென்றால் கடைக்கு ஓட வேண்டாம். நம் புதுச்சேரித் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளும், வில்லியனூர் சுடுமண் பொம்மைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தக் கைவேலையில் துளி நம் வீட்டிலும் செய்யலாம். பழைய செய்தித்தாளைக் குழந்தை கிழிக்கட்டும் (கிழிக்கச் சொன்னால் எவ்வளவு சந்தோஷம்!). ராத்திரி ஊறவைத்து, காலையில் பிழிந்து, ஊறிய வெந்தயத்தோடு அரையுங்கள். எண்ணெய் தடவிக் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் அப்பிக் காயவிடுங்கள். ஐப்பசி மழையில் நாலைந்து நாள்கூட ஆகும், பொறுமை வேண்டும். காய்ந்ததும் பெரிய கண் ஓட்டை போட்டு, கீழே ஒரு குச்சி ஒட்டிக் கையில் பிடிக்கக் கொடுங்கள். கழுத்தில் கயிறு கட்ட வேண்டாம். பிளாஸ்டிக் பையை முகத்தில் மாட்டுகிற விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

பாகூர்ப் பக்கம் வயல்வெளிக்காரர்களுக்கு வைக்கோல் பஞ்சமில்லை. அப்பாவின் கிழிந்த சட்டையில் வைக்கோல் திணித்து, பழைய சட்டிக்குச் சுண்ணாம்புப் பொட்டு வைத்தால் சோளக்கொல்லைப் பொம்மை ரெடி. "கை எங்கே, கழுத்து எங்கே?" என்று உறுப்புகளின் பெயர் சொல்லிக்கொண்டே செய்யலாம். காக்காய்க்குத்தான் பயம், நமக்கில்லை!

மாசியில் அங்காளம்மன் கோயில் மயானக்கொள்ளைக்குக் குழந்தையைக் கூட்டிப் போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். காளி வேஷம் கட்டியவர் திடீரென்று எதிரே வந்தால் வீறிடாமல் என்ன செய்யும்? முடிந்தால் வேஷம் கட்டும் இடத்துக்கே முன்னதாகக் கூட்டிப் போய், அரிதாரம் பூசுவதைக் காட்டுங்கள். "நம்ம தெரு மாமாதான்" என்று தெரிந்தால் போதும். அப்போதும் அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்ற கேலி உதவாது.

எவ்வளவு விளையாடியும் பயம் வாரக்கணக்கில் நீடித்தால்? தூக்கம் கெட்டு, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் காட்டுங்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவது அவரவர் நம்பிக்கை, அதோடு மட்டும் நின்றுவிடாதீர்கள்.

செதுக்கிய பரங்கிக்காய் நம் ஊர் ஈரத்தில் இரண்டு நாள் தாங்கினால் அதிகம். அழுகுவதற்கு முன்பே மாட்டுக்குப் போட்டுவிடுங்கள். "என் பூச்சாண்டி!" என்று குழந்தை கண் கசக்கினால், காயவைத்த விதையில் நாலை எடுத்து அதன் கையில் கொடுத்து, தைப் பட்டத்தில் வேலியோரம் ஊன்றச் சொல்லுங்கள்.