தவிட்டில் விளையும் நொதியம்

இறைச்சி முற்றலாக இருந்தால் நமது வீடுகளில் பப்பாசிக்காயை அரைத்துப் பிசைந்து வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பதமாகிவிடும். அந்த வேலையைச் செய்வது பப்பாசிப் பாலிலுள்ள பப்பேயின் என்னும் நொதியம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் அந்தப் பாலை உலர்த்தி நமது நாட்டிலிருந்து கப்பலேற்றினார்கள். விற்ற நாம் இன்று நொதியம் வாங்குகிறவர்களாக இருக்கிறோம்.

கொட்டாஞ்சேனையில் பேக்கரிச் சாமான் மொத்தமாக விற்கும் நண்பர் ஒருவர், 2022இல் வெள்ளவத்தையிலுள்ள என் வீட்டுக்கு வந்தார். டொலர் இல்லை, எல்.சி. திறக்க முடியவில்லை. “மா பிரச்சினை ஒரு பக்கம் நானா, இந்த இம்ப்ரூவர் இல்லாம பாண் சரியா எழும்புதில்லை எண்டு பேக்கரிக்காரங்க ஏசுறாங்க” என்றார். போதாததற்கு, அது எந்த மிருகத்திலிருந்து எடுப்பது என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டிருக்கிறார். இவருக்குப் பதில் தெரியவில்லை. கையோடு கொண்டுவந்த வெற்றுப் பையில் சிறிய எழுத்தில் ‘பங்கசு அல்பா அமிலேஸ்’ என்றிருந்தது.

அமிலேஸ், மாவிலுள்ள மாப்பொருளை வெட்டிச் சீனியாக்குகிறது. அந்தச் சீனியை ஈஸ்ட் தின்று வாயுவை விடுவதால்தான் பாண் எழும்புகிறது. பங்கசு என்றால் பூஞ்சணம், மிருகமல்ல. வாடிக்கையாளரின் கேள்வி சீஸ் விடயத்தில் மிகப் பொருத்தமானது. 1874இல் கோபன்ஹேகனில் ஹான்சன் என்பவர் தொடங்கிய நொதிய வியாபாரமே கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரெனட்தான். மார்க்கத் தீர்ப்பு உலமாக்களின் வேலை. மூலம் என்னவென்று கடிதம் வாங்கி வைப்பது வியாபாரியின் வேலை.

பூஞ்சண நொதியத்தைப் பெரும் வியாபாரமாக்கியவர் ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே. கோதுமைத் தவிட்டில் பூஞ்சணம் வளர்த்து நொதியம் எடுக்கும் முறைக்கு 1894இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அது சமிபாட்டு மருந்தாக விற்றது, அவரும் செல்வந்தரானார்.

தவிடு நம்மிடமும் இருக்கிறதே என்று நண்பர் கேட்டார். அப்போதுதான் பேராசிரியர் வசந்தி அரசரட்ணத்தைப் பற்றிச் சொன்னேன். 2011 முதல் 2017 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் என்றுதான் பலருக்கும் தெரியும். அவர் அங்கு மருத்துவ பீடத்தின் உயிரிரசாயனவியல் பேராசிரியர். நொதியத் தொழில்நுட்பமே அவரது துறை.

1990இல் யுத்தம் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, எரிபொருளுக்கும் தடை. அந்த நிலையில் 1993இல் அவரும் பேராசிரியர் பாலசுப்பிரமணியமும் எழுதிய கட்டுரையொன்று மாப்பொருளுக்கென்றே உள்ள சர்வதேச சஞ்சிகையில் வெளிவந்தது. வழக்கமாக மாப்பொருளைச் சூடாக்கிக் கூழாக்கிய பிறகே நொதியம் சேர்ப்பார்கள். இவர்கள் அவிக்காத சோளத்தில் இரண்டு நொதியங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். அல்பா அமிலேஸ் மாப்பொருள் சங்கிலியை நடுவில் வெட்டும். குளுக்கோஅமிலேஸ் நுனியிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாகக் கழற்றும். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகச் செய்வதைவிடக் கூடுதலாக வேலை நடக்கிறது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற ஊரில், அடுப்பு எரிக்காத வழியைத் தேடியதற்கு வேறு அர்த்தமும் இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நண்பரை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த விடயம். 1997இல் வெளிவந்த இன்னொரு கட்டுரையில் அஸ்பர்ஜிலஸ் நைகர் என்னும் பூஞ்சணத்தை நெல் உமியில் பிடிக்கவைத்து, அரிசித் தவிட்டை உணவாகக் கொடுத்து, குளுக்கோஅமிலேஸ் எடுத்தார்கள். ஆலைக்காரர் குவித்து எரிக்கும் உமி!

பிறகு ஏன் தொழிற்சாலை வரவில்லை? ஆய்வுகூடக் குடுவையில் வருவது பெரிய தாங்கியில் அப்படியே வராது. ஒவ்வொரு தொகுதியின் வீரியத்தையும் அளக்க வேண்டும், வேறு பூஞ்சணம் கலக்காமல் காக்க வேண்டும். ஹான்சன் தொடங்கிய கம்பனி 2024இல் நோவோசைம்ஸ் என்னும் இன்னொரு டென்மார்க் கம்பனியுடன் இணைந்துவிட்டது. அப்படிப்பட்டவர்களின் விலையோடு போட்டி போட வேண்டும். ஆனாலும் நம்மவர்கள் பல்கலைக்கழக வாசலுக்குப் போனது பிள்ளைகளின் அனுமதிக்காகத்தான் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நானும் அதில் அடக்கம்.

“எவ்வளவு முதல் போகும் நானா?” என்று நண்பர் கேட்டார். கட்டுரையில் அது இருக்காது, கேட்டு எழுதுங்கள் என்றேன். யாழ்ப்பாணத்துக்குத் தமிழிலேயே எழுதலாமா என்று விசாரித்துவிட்டு, வெற்றுப் பையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.