பழைய என்ஜினின் புதிய பயணம்

நுழையும்முன்

ஊர்தியின் உடல் உறுதியாக இருக்கும்; என்ஜின் மட்டும் தேய்ந்து ஓய்ந்திருக்கும். புதிய என்ஜின் வாங்கும் பொருள்வசதி இல்லாதோர், வேறோர் ஊர்தியிலிருந்து கழற்றிய என்ஜினை வாங்கிப் பொருத்துவர். அவ்வாறு வாங்கியதை அப்படியே தூக்கிப் பொருத்துவதற்கும், ஆராய்ந்து சீர்செய்து பொருத்துவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டின் காரணங்களை விளக்குகிறது இப்பாடம்.

உழைப்பும் தேய்மானமும்

செருமானியப் பொறியாளர் நிக்கோலஸ் ஓட்டோ 1876ஆம் ஆண்டு நான்கு வீச்சு என்ஜினை இயக்கிக் காட்டினார். ருடால்ஃப் டீசல் வடிவமைத்த என்ஜின் 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. இன்று நம் சாலைகளில் ஓடும் பெட்ரோல், டீசல் ஊர்திகள் பெரும்பாலும் இவ்விரு கண்டுபிடிப்புகளின் வழிவந்தவையே.

உறிஞ்சுதல், சுருக்குதல், எரிதல், வெளியேற்றுதல் என்னும் நான்கு வீச்சுகளில் என்ஜினின் வேலை அடங்கிவிடுகிறது. பெட்ரோல் என்ஜினின் சிலிண்டருக்குள் நுழையும் காற்றும் எரிபொருளும் கலந்த கலவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அளவிற்குச் சுருக்கப்படுகிறது. பின்னர் தீப்பொறியால் எரியூட்டப்படுகிறது. எரியும் வளியின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியசைக் கடக்கிறது. அவ்வெப்பத்தால் விரியும் வளி பிஸ்டனைக் கீழே தள்ள, அத்தள்ளல் கிராங்க் ஷாப்ட்டின் சுழற்சியாக மாறுகிறது.

நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுழலும் என்ஜினில், ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு நொடிக்குள் ஐம்பது முறை ஏறி இறங்குகிறது. இத்தனை வேகத்திலும் உலோகமும் உலோகமும் நேரே உரசாமல் காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே. வெப்பம் மிகாமல் காப்பது சிலிண்டர்களைச் சூழ்ந்து ஓடும் குளிர்விப்பு நீர். எண்ணெயும் நீரும் வளியும் தத்தம் பாதையில் தடையின்றிச் செல்லும்வரை என்ஜின் நலமாக இருக்கும். ஒன்றன் பாதையில் மற்றொன்று புகுந்தாலோ, பாதையைவிட்டு வெளியே கசிந்தாலோ கேடு தொடங்கும். பழைய என்ஜினை ஆராய்வது என்பது, இம்மூன்றின் பாதைகளும் செம்மையாக உள்ளனவா எனத் தேர்ந்தறிவதே ஆகும்.

கைக்கு எட்டும் காலம்

ஊர்தியில் பொருத்தப்பட்டபின் என்ஜினின் பின்பகுதியைக் கியர்பாக்ஸ் மறைத்துவிடும். முன்பகுதிக்கும் ஊர்தியின் உடலுக்கும் இடையே கை நுழைவதே அரிதாகும். ஆனால், தரையிலோ தாங்கியிலோ இருக்கும்போது அதன் எல்லாப் பக்கங்களும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். இந்தச் சில நாள்களே பராமரிப்புக்கு உகந்த காலமாகும்.

எனவே, எதை இப்போது மாற்றுவது, எதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வது என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. 'பொருத்தியபின் இதை எட்டுவதற்கு எவற்றையெல்லாம் கழற்ற வேண்டும்?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். காற்று வடிகட்டியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால், கிராங்க் ஷாப்ட்டின் பின்முனையில் உள்ள ஆயில் சீல் கசியத் தொடங்கினால், கியர்பாக்ஸ், கிளட்ச், பிளைவீல் ஆகிய அனைத்தையும் கழற்றியாக வேண்டும். சீலின் விலை சிறிது. அதை மாற்றும் கூலியோ பெரிது. வாடகைக்குச் சரக்கு ஊர்தி ஓட்டி வாழும் குடும்பத்திற்கு, ஊர்தி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருவாய் அற்ற நாளாகும். கடன்பெற்று வாங்கிய என்ஜின் ஒரு திங்களில் மீண்டும் கீழே இறங்குமாயின், இழப்பு இரட்டிப்பாகிவிடும்.

வாங்கும்போதே தொடங்கும் ஆய்வு

சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய ஊர்திகளின் உறுப்புகள் பிரித்து விற்கப்படுகின்றன. அத்தகைய இடங்களில் என்ஜின் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது, அதன் உடலில் பொறிக்கப்பட்ட என்ஜின் எண்ணை ஆகும். எண் தேய்க்கப்பட்டோ மாற்றிப் பொறிக்கப்பட்டோ இருப்பின் அதனைத் தவிர்த்தல் வேண்டும். விற்பனைச் சீட்டைப் பெற்றுப் பாதுகாக்க வேண்டும். நம் நாட்டில் ஊர்தியின் பதிவுச் சான்றில் என்ஜின் எண்ணும் இடம்பெறுவதால், மாற்றிய என்ஜினின் விவரத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவுசெய்தல் இன்றியமையாதது.

எண்ணெயும் பிளக்கும் கூறும் குறிப்புகள்

என்ஜினைக் கழுவித் துடைக்கும் முன்பே அதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். எங்கெங்கு எண்ணெய்க் கறை படிந்துள்ளது என்பதே கசிவிடங்களைக் காட்டும் வரைபடம். முதலில் கழுவிவிட்டால் அவ்வரைபடம் அழிந்துபோகும்.

அடுத்து, பழைய எண்ணெயை அகன்ற தட்டில் வடிக்க வேண்டும். கருத்திருப்பது குறையன்று, உழைத்த எண்ணெய் கருக்கவே செய்யும். பால் கலந்த காப்பியைப் போல வெளுத்திருந்தால், குளிர்விப்பு நீர் உள்ளே கலந்திருக்கக்கூடும். பெட்ரோல் மணம் மிகுந்திருந்தால், எரியாத எரிபொருள் கீழே இறங்கியிருக்கக்கூடும். வெயிலில் பார்க்கும்போது எண்ணெயில் உலோகத்துகள்கள் மின்னினால், பேரிங்குகள் தேய்ந்துள்ளன என்று ஐயுற வேண்டும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டர் வரிசைப்படி அடுக்கி ஒப்பிட வேண்டும். இளம்பழுப்பு நிறம் சீரான எரிதலைக் காட்டும். உலர்ந்த கரி மிகையான எரிபொருளையும், ஈரப் பிசுக்கு சிலிண்டருக்குள் புகும் எண்ணெயையும் காட்டும். மூன்று பிளக்குகள் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் தூய்மையாக இருந்தால் மகிழ்தல் கூடாது. அந்தச் சிலிண்டருக்குள் நீர் கசிந்து, நீராவியாகி, பிளக்கைக் கழுவியிருக்கலாம்.

பிளக்குகளைக் கழற்றிய நிலையில், கிராங்க் ஷாப்ட்டை அது இயல்பாகச் சுழலும் திசையிலேயே கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். இரண்டு முழுச் சுற்றுகளில் நான்கு வீச்சுகளும் முடிந்துவிடும். இடையில் எங்கேனும் தடுத்து நின்றால் வலிந்து திருப்பாமல் காரணத்தை ஆராய வேண்டும்.

காற்றால் அறியும் கசிவு

என்ஜினின் உள்நலத்தை, அதனைப் பிரிக்காமலேயே அறிய உதவுவது சிலிண்டர்க் கசிவு ஆய்வு. ஆய்வுக்குரிய சிலிண்டரின் பிஸ்டனைச் சுருக்க வீச்சின் உச்சியில் நிறுத்த வேண்டும். அப்போது இரு வால்வுகளும் மூடியிருக்கும். பிளக் துளையின் வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தினால், அக்காற்று அச்சிற்றறைக்குள் அடங்கி நிற்க வேண்டும். எந்த என்ஜினிலும் சிறிது காற்று கசியவே செய்யும். செலுத்திய காற்றில் பத்து விழுக்காட்டிற்குள் கசிந்தால் நன்று. இருபது விழுக்காட்டைத் தாண்டினால் ஐயத்திற்குரியது என்பது பட்டறைகளில் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு.

கசிவின் அளவைவிட, கசியும் இடமே நமக்கு மிகுதியும் உணர்த்தும். காற்று உள்ளிழுக்கும் குழாயில் சீறல் கேட்டால் உள்வால்வு சரியாக அமரவில்லை. புகைபோக்கி வாயிலில் கேட்டால் வெளிவால்வில் குறை. எண்ணெய் ஊற்றும் துளையில் கேட்டால் பிஸ்டன் வளையங்களோ சிலிண்டர்ச் சுவரோ தேய்ந்துள்ளன. நீர்ப்பாதையை நிரப்பி வைத்திருக்கையில் அதில் குமிழிகள் எழுந்தால், பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் பழுதுற்றிருக்கும். மருத்துவர் நெஞ்சொலி கேட்டு நோயறிவதுபோல, இங்கே மெக்கானிக் காற்றொலி கேட்டுக் குறையறிகிறார்.

இவ்வாய்வில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிஸ்டன் உச்சியிலிருந்து சற்று விலகினாலும், காற்றின் விசை கிராங்க் ஷாப்ட்டைத் திடீரெனச் சுழற்றிவிடும். எனவே பிளைவீலை அசையாமல் பிணைத்து, பெல்ட்டின் அருகில் கையை வைக்காமல் ஆய்வு செய்ய வேண்டும். மேலும், நெடுநாள் கிடப்பில் இருந்த என்ஜினின் வளையங்கள் எண்ணெய்ப் பசையின்றி ஒட்டியிருக்கலாம். ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஊறவைத்து, கையால் சுழற்றியபின் மறுமுறை ஆய்ந்து முடிவுக்கு வருவதே முறை.

தெரிந்து தெளிவோம்

பல என்ஜின்களில் வால்வு திறந்து இறங்கும் இடமும், பிஸ்டன் உச்சிக்கு ஏறிவரும் இடமும் ஒன்றே. இரண்டும் வெவ்வேறு நேரங்களில் அவ்விடத்திற்கு வருவதால் மோதுவதில்லை. அந்த நேர ஒழுங்கைக் காப்பது டைமிங் பெல்ட் அல்லது டைமிங் செயின். ஓடும்போது பெல்ட் அறுந்தால் கேம் ஷாப்ட் நின்றுவிடும். பிஸ்டன்கள் ஏறி வந்து, திறந்து நிற்கும் வால்வுகளை மோதி வளைத்துவிடும்.

மாற்ற வேண்டியவை

ஆய்வில் தேறிய என்ஜினிலும் மாற்ற வேண்டிய உறுப்புகள் சில உள்ளன. அவற்றுள் முதன்மையானது டைமிங் பெல்ட். பழைய என்ஜினின் பெல்ட் எத்தனை ஆண்டுகள் உழைத்தது என்பதை உறுதியாகக் கூற வல்லார் எவரும் இலர். ஆதலால், பார்வைக்கு நன்றாக இருப்பினும் அதனை இழுவை உருளையுடன் சேர்த்து மாற்றுதல் வேண்டும். பல என்ஜின்களில் வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டால் சுழல்வதால், அதனையும் உடன் மாற்றுவது சிறந்தது. புதிய பெல்ட்டைக் குறிகள் பொருந்த மாட்டியபின், கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுழற்ற வேண்டும். குறிகள் மீண்டும் அதே இடத்திற்கு வந்து நின்றால்தான் வேலை நிறைவுற்றதாகும். செயின் உள்ள என்ஜினாயின் அதன் தளர்ச்சியைச் சோதிக்க வேண்டும்.

அடுத்தவை ஆயில் சீல்கள். ரப்பரால் ஆன சீலின் உதடு வெப்பத்தாலும் காலத்தாலும் இறுகிவிடும். கிராங்க் ஷாப்ட்டின் முன், பின் சீல்களையும் கேம் ஷாப்ட் சீலையும் இப்போதே மாற்ற வேண்டும். பின் சீல் கசிந்தால் எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் படிந்து வழுக்கும். மேட்டில் ஏறும்போது என்ஜின் இரையும், வண்டியோ ஏறாது. கிளட்ச் பிளேட்டும் அதன் பேரிங்கும் தேய்ந்திருப்பின் அவற்றை மாற்றுதற்கும் இதுவே தக்க தருணம்.

சிலிண்டர்த் தொகுதியை வார்க்கும்போது, நீர்ப்பாதையை உருவாக்கிய மணலை வெளியேற்றத் துளைகள் விடப்படும். பின்னர் அவை வட்டமான உலோகத் தகட்டு மூடிகளால் அடைக்கப்படும். இம்மூடிகள் உட்புறமிருந்து துருப்பிடித்து ஓட்டையாகும் இயல்புடையவை. கியர்பாக்ஸின் பக்கம் அமைந்த மூடிகளைப் பின்னர் எட்ட இயலாது. ஆகவே, துருவின் தடம் தென்பட்டாலே மாற்றிவிட வேண்டும்.

அடிப்பகுதியில் உள்ள எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிப் பார்ப்பதும் தேவையே. எண்ணெயை உறிஞ்சும் வலையில் கசடு அடைத்திருந்தால், தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் பேரிங்குகளுக்கு அது சென்று சேராது. தொட்டியை மீண்டும் மாட்டுகையில் கசிவடைக்கும் பசையை அளவோடு தடவ வேண்டும். மிகுதியாகத் தடவினால் உட்புறம் பிதுங்கிய பசை பிய்ந்து விழுந்து, தூய்மை செய்த அதே வலையை மீண்டும் அடைத்துவிடும்.

தெர்மோஸ்டாட், நீர்க்குழாய்கள், ரப்பர் மவுண்டுகள், வால்வு மூடியின் கேஸ்கட் ஆகியவற்றைப் பார்த்து, வெடிப்போ இறுக்கமோ இருப்பின் மாற்ற வேண்டும். போல்ட்டுகளை உற்பத்தியாளர் கூறும் வரிசையிலும் அளவிலும் டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்குதல் வேண்டும்.

தொடாதிருத்தலும் அறிவே

மாற்றுவதில் காட்டும் ஊக்கத்தை நிறுத்துவதிலும் காட்ட வேண்டும். கசிவு ஆய்வில் தேறி, எண்ணெயும் நீரும் கலவாதிருக்கும் என்ஜினின் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றினால் புதிய கேஸ்கட் வேண்டும். தளம் சமமாக உள்ளதா என அளக்க வேண்டும். பல என்ஜின்களில் ஹெட் போல்ட்டுகளையும் புதியனவாகப் போட வேண்டும். நலமாக உள்ளதைக் கிளறுவது பராமரிப்பு ஆகாது. மாறாக, எல்லாச் சிலிண்டர்களிலும் வளையத் தேய்மானம் தெரிந்தால், சீல்களை மாற்றி மனநிறைவு கொள்வதும் வீண். அத்தகைய என்ஜினை முழுமையாகப் பிரித்துச் சீரமைக்க வேண்டும். இயலாதெனில் திருப்பித் தர வேண்டும்.

முதல் இயக்கம்

நெடுநாள் ஓடாத என்ஜினின் எண்ணெய்ப் படலம் வடிந்து உலர்ந்திருக்கும். அந்நிலையில் உடனே இயக்கினால், எண்ணெய் வந்து சேரும்வரை பேரிங்குகள் வறட்சியில் உரசும். ஆகவே, என்ஜினைப் பொருத்தியபின் புதிய வடிகட்டியும் உரிய அளவு எண்ணெயும் இட்டு, பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளும் தீப்பொறியும் வராமல் துண்டித்து, ஸ்டார்ட்டரால் மட்டும் சிறிது சிறிதாகச் சுழற்ற வேண்டும். எண்ணெய் அழுத்த விளக்கு அணைந்தபின்னரே பிளக்குகளை மாட்டி இயக்க வேண்டும். இயக்கிய சில நொடிகளுக்குள் அவ்விளக்கு அணையாவிடில் உடனே நிறுத்துவது கட்டாயம். குளிர்விப்பு நீர்ப்பாதையில் தங்கிய காற்றையும் வெளியேற்ற வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எண்ணெயையும் வடிகட்டியையும் மறுபடி மாற்றினால், உள்ளே கலைந்த பழங்கசடு நீங்கும்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றுதல் கூடாது. பயன்படுத்திய எண்ணெய் நம் நாட்டுச் சட்டப்படி தீங்கு தரும் கழிவாகும். அதனை மறுசுழற்சிக்கு ஒப்படைப்பதே முறை.

சுரங்கத்தில் வெட்டி, உலையில் உருக்கி, வார்த்துக் கடைந்த இரும்பும் அலுமினியமும் ஒரு விபத்தினாலோ ஓர் உரிமையாளரின் மாற்றத்தினாலோ பயனற்றுப் போவதில்லை. அவற்றுக்கு மீண்டும் பயன் தருவது அறிந்து செய்யும் பராமரிப்பே. பொருத்துவதற்கு முன் செலவிடும் இரண்டு நாள் உழைப்பு, பொருத்தியபின் பல ஆண்டுகள் ஒரு குடும்பத்தின் சோற்றுக்குத் துணைநிற்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் உள்ள ஊர்திப் பட்டறைக்கு ஆசிரியருடன் சென்று, பழைய என்ஜினில் செய்யப்படும் ஆய்வுகளைக் கேட்டறிந்து எழுதுக.
2. பட்டறையில் வழங்கும் உறுப்புப் பெயர்களைத் தொகுத்து, அவற்றின் பணிகளைத் தமிழில் விளக்கிப் பட்டியல் உருவாக்குக.
3. 'நலமாக உள்ளதைக் கிளறுவது பராமரிப்பு ஆகாது' – இக்கூற்று குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.