மண் தீட்டிய பற்கள்

மீன் சந்தையில் கிடக்கும் பால்சுறாவின் வாயைத் திறந்து பார்த்தால் பற்கள் வெள்ளையாக இருக்கும். புலிச்சுறாவுக்கும் வெள்ளைதான், பெருங்கடலை ஆளும் பெரிய வெள்ளைச் சுறாவுக்கும் வெள்ளைதான். ஆனால் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், டாம்பா நகருக்குக் கிழக்கே உள்ள பாஸ்பேட் சுரங்கங்களில் கிடைத்த பழைய சுறாப்பற்களை ஒரு தட்டில் பரப்பிவைத்தால் கண்ணை நம்ப முடியாது. ஒன்று வானநீலம். அடுத்தது பூசணிப்பூ மஞ்சள். இன்னொன்றில் வேர் பாலாடை நிறமாகவும் முனை செங்காவியாகவும் இருக்கும். இளஞ்சிவப்பும் பாசிப்பச்சையும் கறுப்பில் நீலப்புள்ளி விழுந்தவையும் உண்டு. 'போன் வேலி' (எலும்புப் பள்ளத்தாக்கு) என்று ஊரார் அழைக்கும் இந்தப் பகுதியின் பற்களுக்கு உலகெங்கும் சேகரிப்பாளர்கள் ஏங்குகிறார்கள் என்றால், அது இந்த நிறங்களுக்காகத்தான்.

இந்த நிறங்களில் ஒன்றுகூடச் சுறாவுடையது அல்ல. எல்லாமே அது புதைந்த மண் கொடுத்தவை.

சுறாவின் உடலில் எலும்பு கிடையாது, முழுக்கக் குருத்தெலும்பு. செத்தால் அது விரைவில் கரைந்துபோகும். மிஞ்சுவது பல். அதுவும் ஏராளமாக மிஞ்சும். சுறாவின் தாடையில் பற்கள் வரிசைக்குப் பின் வரிசையாக வளர்ந்துகொண்டே இருக்கின்றன. முன்வரிசைப் பல் விழுந்ததும் பின்னால் காத்திருப்பது அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. ஒரே சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களைக் கடல்தரையில் உதிர்த்துவிடும். நாற்பது கோடி ஆண்டுகளாகக் கடலில் இருக்கும் ஓர் உயிரினம் இப்படி உதிர்த்துக்கொண்டே வந்தால், கடலாக இருந்து நிலமான இடமெல்லாம் சுறாப்பல் கிடைப்பதில் வியப்பில்லை.

நம் பல்லின் மேற்பூச்சும் சுறாப்பல்லின் மேற்பூச்சும் அபடைட் எனும் கால்சியம் பாஸ்பேட் கனிமத்தின் வகைகள்தாம். நம்முடையதில் ஹைட்ராக்சில் இருக்கும் இடத்தில் சுறாவுக்கு ஃப்ளோரின் இருக்கிறது. பற்பசைக் கம்பெனிகள் நம் பல்லில் ஏற்றப் பாடுபடும் ஃப்ளோரைடு சுறாவுக்குப் பிறவியிலேயே கிடைத்துவிட்டது. அதனால் அந்தப் பூச்சு அமிலத்தில் எளிதில் கரைவதில்லை, கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்குகிறது. உள்ளே இருக்கும் டென்டினும் வேர்ப்பகுதியும் அவ்வளவு இறுக்கமானவை அல்ல. புதுச் செங்கல் தண்ணீரை இழுப்பதுபோல அவை நிலத்தடி நீரை உள்ளே இழுக்கின்றன. அந்த நீரில் கரைந்திருக்கும் இரும்பும் மாங்கனீசும் யுரேனியமும் துளைகளில் தங்குகின்றன; சில அணுக்கள் அபடைட்டின் கட்டமைப்புக்குள்ளேயே புகுந்து கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரே பல்லில் வேர் ஒரு நிறமும் முனை வேறு நிறமுமாக இருப்பது இதனால்தான். இரண்டும் கிடந்தது ஒரே மண்ணில். உறிஞ்சும் வேகம்தான் வேறு.

இரும்புதான் முதன்மையான ஓவியன். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் அது துருப்பிடித்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு என்று பல்லில் ஏறுகிறது. கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு நகருக்கு அருகே 'ஷார்க்டூத் ஹில்' என்ற குன்று இருக்கிறது. அங்கே கிடைக்கும் மேக்கோ சுறாப் பற்கள், குறிப்பாகக் கொக்கிபோல் வளைந்த 'பிளானஸ்' வகை, தேன் நிறத்திலும் செம்பு நிறத்திலும் மின்னும். ஆக்சிஜன் எட்டாத சேற்றில் கதை மாறுகிறது. இரும்பு கந்தகத்தோடு சேர்ந்து கறுப்பாகிறது. கந்தகம் குறைவாக இருந்தால் சதுப்பு மண்ணில் பார்ப்பதுபோன்ற சாம்பல், பச்சை, நீலச் சாயைகள் வருகின்றன. மாங்கனீஸ் ஆக்சைடு படிந்தாலும் கறுப்புதான். வண்ணம் ஏற்றுவதற்கு எதுவும் இல்லாத வெளிர் படிவுகளில் பல் கிட்டத்தட்ட வெளிறியே இருந்துவிடும். மொராக்கோவின் கூரிப்கா பாஸ்பேட் படுகையில் கிடைக்கும் ஓட்டோடஸ் சுறாவின் பற்கள் சந்தன நிறத்தில் இருப்பது அப்படித்தான்.

புதைந்ததோடு இந்த வேலை முடிந்துவிடுவதும் இல்லை. போன் வேலியின் படிவுகளை அரித்துக்கொண்டு ஓடுகிறது பீஸ் ஆறு. அதன் நீர் இலைதழைகளின் சாறு இறங்கித் தேநீர் நிறத்தில் இருக்கும். சுரங்கத்தின் உலர்ந்த அடுக்கில் நீலமும் மஞ்சளுமாகக் கிடைக்கும் அதே இனத்துப் பற்கள், அந்த ஆற்று மணலைச் சல்லடையில் சலிக்கும்போது பெரும்பாலும் கறுப்பாகவும் சாம்பலாகவும் வருகின்றன. இரண்டாவது படுக்கை முதல் படுக்கையின் வண்ணத்தை மூடிவிட்டது.

நீலத்துக்கு இன்னொரு வழியும் உண்டு, அதைக் கண்டுபிடித்தவர்கள் மனிதர்கள். பிரான்சின் தென்மேற்கில் சிமோர் என்ற ஊர்ப்பக்கம் மாஸ்டடான் யானைகளின் புதைந்த தந்தங்களை எடுத்துச் சூளையில் சுட்டால் அவை பெரோசாக் கல்போல நீலமாகும் என்பது இடைக்காலத்திலேயே தெரிந்திருந்தது. தேவாலயச் சிலுவைகளிலும் பேழைகளிலும் அந்த நீலத் துண்டுகளைப் பதித்தார்கள். 1715-ல் ரெயோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர் இதைப் பற்றி எழுதினார். நிறத்துக்குக் காரணம் விவியனைட் எனும் இரும்பு பாஸ்பேட் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2001-ல் வந்த ஆய்வு அதைத் திருத்தியது: மண்ணிலிருந்து தந்தத்துக்குள் புகுந்திருந்த சிறிதளவு மாங்கனீஸ், ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அபடைட்டுக்குள் பாஸ்பரசின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் அமர்ந்த மாங்கனீஸ் நீலமாகத் தெரிகிறது. ஒரே தனிமம், அமர்ந்த இடத்தைப் பொறுத்துக் கறுப்பு அல்லது நீலம். கனிம வேதியியலில் எனக்கு மிகப் பிடித்த செய்திகளில் இது ஒன்று.

புதைந்த சுறாப்பற்கள் எங்கிருந்து வந்தன என்பதே பல நூற்றாண்டுகள் தெரியாமல் இருந்தது. வானத்திலிருந்து விழுந்த கற்கள் என்றார் ரோமாபுரியின் பிளினி. பாம்புகளின் நாக்கு கல்லானது என்று நம்பினார்கள் மால்டா தீவுக்காரர்கள். நஞ்சை முறிக்கும் என்று நம்பி ஐரோப்பிய அரச விருந்து மேசைகளில் அவற்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். 1666-ல் இத்தாலியின் லிவோர்னோ கரையில் ஒரு பெரிய சுறா பிடிபட்டது. டஸ்கனியின் கோமகன் அதன் தலையை ஃப்ளாரன்சுக்கு வரவழைத்து நிக்கோலஸ் ஸ்டீனோ என்ற இளம் டேனிஷ் மருத்துவரிடம் கொடுத்தார். அறுத்துப் பார்த்த ஸ்டீனோ, 'நாக்குக் கற்கள்' சுறாவின் பற்களே என்று மறு ஆண்டு எழுதினார். அவருக்கு முன்பே ஃபாபியோ கொலோன்னா 1616-ல் இதைச் சொல்லியிருந்தார். ஆனால் ஸ்டீனோ அங்கே நிற்கவில்லை. பல் எப்படிப் பாறைக்குள் போயிற்று என்று கேட்டு, வண்டல் அடுக்கடுக்காகப் படிகிறது, கீழடுக்கு மேலடுக்கைவிடப் பழையது என்ற முடிவுக்கு 1669-ல் வந்து சேர்ந்தார். நிலவியல் என்ற அறிவியல் துறையின் அடிக்கல்களில் ஒன்று சுறாப்பல்லை வைத்துப் போடப்பட்டது.

பல் கறுத்திருந்தால் பழையது, வெளிறியிருந்தால் புதியது என்று பலர் நினைக்கிறார்கள். இதைப் போன்ற எண்ணம் படித்தவர்களையும் ஏமாற்றியிருக்கிறது. 1870-களில் 'சேலஞ்சர்' என்ற பிரிட்டிஷ் ஆய்வுக்கப்பல் பசிபிக் ஆழ்கடலில் வலை இழுத்தபோது மெகலோடான் என்னும் மாபெரும் சுறாவின் பற்கள் மாங்கனீஸ் பூச்சோடு மேலே வந்தன. 1959-ல் ஓர் ஆய்வாளர் அந்தப் பூச்சின் தடிமனை அளந்து, மாங்கனீஸ் இவ்வளவு வேகத்தில் படியும் என்று கணக்குப் போட்டு, பற்களுக்கு 11 ஆயிரம் முதல் 24 ஆயிரம் ஆண்டு வயது என்று அறிவித்தார். மெகலோடான் இன்னும் கடலில் எங்கோ ஒளிந்திருக்கிறது என்ற கதைக்கு அது தீனி போட்டது. மாங்கனீஸ் படியும் வேகம் இடத்துக்கு இடம் மாறும், நின்றும் போகும். பூச்சை வைத்து வயது சொல்ல முடியாது. உலகெங்கும் கிடைத்த பற்களை, அவை இருந்த அடுக்குகளின் வயதோடு ஒப்பிட்டுப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வின்படி மெகலோடான் சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது.

நிறம் வயதைச் சொல்லாது. ஆனால் நிறத்தைத் தந்த அதே உறிஞ்சுதல், புதைபடிவம் எந்த மண்ணில் கிடந்தது என்பதைச் சொல்லும். நிலத்தடி நீரிலிருந்து அருமண் தனிமங்களும் எலும்புக்குள்ளும் பல்லுக்குள்ளும் ஏறுகின்றன. அவற்றின் விகிதம் ஒவ்வொரு படுகைக்கும் வேறு. ஃப்ளோரிடாவின் சாண்டா ஃபே ஆற்றில் டைட்டானிஸ் என்ற பறக்காத வேட்டைப் பறவையின் எலும்புகள் கிடைத்தன. ஆற்றுப்படுகையில் பல காலத்து எலும்புகள் கலந்து கிடந்ததால், அது எந்தக் காலத்தது என்று சண்டை. 2007-ல் புரூஸ் மெக்ஃபேடனும் உடன் ஆய்வாளர்களும் அந்த எலும்பின் அருமண் விகிதத்தை வயது தெரிந்த மற்ற விலங்குகளின் எலும்புகளோடு ஒப்பிட்டார்கள். அது சுமார் 20 லட்சம் ஆண்டு பழையவற்றோடு பொருந்தியது. பனியுகத்தின் கடைசிவரை அந்தப் பறவை வாழ்ந்தது என்ற கருத்து அதோடு முடிந்தது.

புதைபடிவச் சந்தையில் நடப்பது என்னை வருத்தப்படுத்துவது இதனால்தான். நிறம் விலையாகிவிட்டதால் நிறத்தைத் தயாரிக்கிறார்கள். வெளிறிய பல்லுக்குச் சாயம் ஏற்றுகிறார்கள், ஒரு பல்லின் முனையையும் இன்னொன்றின் வேரையும் பிசினில் ஒட்டி மணல் தூவுகிறார்கள். பளபளப்புக்காகத் தேய்த்து மெருகேற்றி, ரம்ப விளிம்பின் பற்களையே அழித்துவிடுகிறார்கள். இவை மோசடி, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் பலவும் தெரிந்துவிடும். இவற்றைவிடப் பெரிய இழப்பு, அசல் பல்லை ஊர் பெயரில்லாமல் விற்பது. எந்தச் சுரங்கம், எந்த அடுக்கு, எந்த ஆற்றின் எந்த வளைவு என்று ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லாமல் கைமாறும் நீலப்பல்லில், நீலம் மட்டுமே மிஞ்சுகிறது. அது எப்படி வந்தது என்று கேட்க வழியில்லை. சீட்டோடு இருக்கும் சாதாரணக் கறுப்புப் பல்லைத்தான் நான் உயர்வாக மதிப்பேன்.

ஃப்ளோரிடாவில் அரசு நிலத்தில் முதுகெலும்பிகளின் புதைபடிவங்களை எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும்; சுறாப்பற்களுக்கு மட்டும் விலக்கு. ஆற்றில் இறங்கிச் சலிக்கும் குடும்பங்களை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். ஷார்க்டூத் ஹில்லில் தனியார் நிலத்தில் கட்டணம் செலுத்தித் தோண்டுகிறார்கள். அங்கே முகக்கவசம் அவசியம்; அந்த மண்ணின் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கிறது. அங்குள்ள, ஒன்றரைக் கோடி ஆண்டுக்கு முந்தைய எலும்பு அடுக்கில் சதுர மீட்டருக்குச் சராசரியாக 200 எலும்புகள் இருப்பதாக 2009-ல் கணக்கிட்டார்கள். ஏதோ ஒரு பேரழிவில் எல்லாம் ஒன்றாகச் செத்ததால் அல்ல. சுமார் 7 லட்சம் ஆண்டுகள் அங்கே வண்டல் மிகக் குறைவாகவே விழுந்ததால், எலும்பும் பல்லும் மட்டும் சேர்ந்துகொண்டே போயின.

நம் பக்கமும் சுறாப்பல் உண்டு. புதுச்சேரிப் பகுதியில் கேய், கன்லிஃப் என்ற இருவர் சேகரித்த மீன் எச்சங்களை ஃபிலிப் எகர்ட்டன் 1845-லேயே லண்டனில் விவரித்தார். அவற்றில் சுறாப்பற்களும் இருந்தன. பெரம்பலூர் மாவட்டம் காரையின் வறண்ட ஓடைகள் அரித்துவைத்த களிமண் படிவுகளில், பத்துக் கோடி ஆண்டு அளவில் பழைமையான சுறாக்களின் பற்களை இந்திய, வெளிநாட்டு ஆய்வாளர்கள் 2011-ல் பட்டியலிட்டார்கள். மறு ஆண்டு அங்கிருந்து டைக்கோடஸ் என்ற சுறாவின் பல் விவரிக்கப்பட்டது. அந்தப் பல் கூரானதல்ல. சிப்பியை நொறுக்குவதற்கேற்பத் தட்டையாக, மேலே வரிவரியான மேடுகளோடு இருக்கும்.

போன் வேலிப் பற்களில் சேகரிப்பாளர்கள் மிகவும் விரும்பும் ஒன்று ஹெமிப்ரிஸ்டிஸ் என்ற சுறாவுடையது. மேல்தாடைப் பல்லின் விளிம்பில் ரம்பப் பற்கள் பெரிதுபெரிதாக இருக்கும், நிறமும் அதில் அழகாக ஏறியிருக்கும். அமெரிக்கக் கரையில் அந்த இனமே அழிந்துவிட்டது. அதன் நெருங்கிய உறவான ஹெமிப்ரிஸ்டிஸ் எலாங்கேட்டா இன்னும் நம் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. மீனவர் வலையிலும் விழுகிறது. அது அழிந்துபோகும் அபாயத்தில் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள்.