வீடு திரும்புற பறவைகள்: பிட்ஜி முதல் கழுவெளி வரை

போக்கிமான் பார்த்து வளர்ந்தவங்களுக்குப் பிட்ஜியை ஞாபகம் இருக்கும். பழுப்பு நிறத்துல ஒரு குட்டிப் பறவை. 2016-ல போக்கிமான் கோ வந்தப்போ தெருவுக்குத் தெரு பிடிச்சுத் தள்ளினோமே, அதேதான். அதைப் பத்தின போக்கிடெக்ஸ் குறிப்புல ஒரு விஷயம் வரும்: எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டாலும் தன் கூட்டுக்குத் தப்பாம திரும்பிடும்.

கற்பனைப் பறவைக்குக் கொடுத்த இந்தச் சக்தி, நிஜமாவே வட சென்னை மொட்டை மாடிகள்ல இருக்கு. 'மாரி' படம் பார்த்தவங்களுக்குப் புறாப் பந்தயம் தெரியும். அந்தப் புறா எப்படி வீடு திரும்புது, அந்தத் திறமை எந்த இடத்துல கைவிட்டுடும், இதுதான் இன்னைக்கு எபிசோடு.

முதல்ல ஒரு சினிமா நம்பிக்கையை ஓரமா வச்சிடுவோம். ராஜா புறா காலில் ஓலையைக் கட்டி, "இளவரசியிடம் போ" என்று அனுப்புவார். நிஜத்தில் புறா அப்படிப் போகாது. பொதுவா அதற்குத் தெரிந்த முகவரி, தான் வளர்ந்த கூண்டு. ஒடிசா போலீஸ் 1946-ல் புறாப் பிரிவு தொடங்கினாங்க. 1999 சூப்பர் புயலில் தகவல் தொடர்பு அறுந்தபோது அந்தப் புறாக்கள்தான் செய்தி கொண்டுவந்தன. பெரும்பாலும் ஒன்வே சர்வீஸ்தான்: புறாவை முன்கூட்டியே தூக்கிட்டுப் போகணும், அங்கிருந்து விட்டால் கூண்டுக்கு வரும்.

மேப் வேணும், காம்பஸும் வேணும்

வியாசர்பாடியில் வளர்ந்த ஒரு ஹோமர் புறாவை மூடின கூடையில் வச்சு, ஜி.எஸ்.டி. ரோடு வழியா விழுப்புரம் கொண்டுபோறோம்னு வச்சுக்கோங்க. ரோட்டில் சுமார் 160 கிலோமீட்டர். கூடையைத் திறந்தா, மேலே ஒரு வட்டம் அடிச்சிட்டு வடகிழக்கே கிளம்பிடும். மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகம். நல்ல புறாவா இருந்தா, நாம பஸ் பிடிச்சு வீடு திரும்புறதுக்குள்ள அது கூண்டுல இரை தின்னுட்டு இருக்கும். (முதல் நாளே விழுப்புரம் கொண்டுபோக மாட்டாங்க. 5, 10, 20 கிலோமீட்டர்னு தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுவாங்க.)

இதுக்கு ரெண்டு விஷயம் வேணும்னு 1950-களில் ஜெர்மன் விஞ்ஞானி குஸ்டாவ் கிராமர் சொன்னார்: மேப், காம்பஸ். உங்க கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் ஒரு ஊரில் இறக்கி விட்டுட்டு, கையில் காம்பஸ் மட்டும் கொடுத்தா, வடக்கு எதுன்னு தெரியும். ஆனா நிக்கிற இடம் திண்டிவனமா வேலூரான்னு தெரியாம, சென்னை எந்தப் பக்கம்னு எப்படிச் சொல்வீங்க? நான் எங்க இருக்கேன்னு சொல்றது மேப்பின் வேலை. எந்தப் பக்கம் பறக்கணும்னு காட்டுறது காம்பஸின் வேலை.

காம்பஸ் பற்றி நல்லாவே தெரியும். முதல் காம்பஸ், சூரியன். சூரியன் நகர்ந்துகொண்டே இருப்பதால், மணி என்னவென்று தெரியாமல் அதை வைத்துத் திசை சொல்ல முடியாது. புறாவின் உடம்புக்குள் கடிகாரம் இருக்கு. புறாக்களை அறையில் அடைத்து, செயற்கை வெளிச்சத்தால் அந்தக் கடிகாரத்தை 6 மணி நேரம் மாற்றினால், வெளியே விட்டதும் ஏறக்குறைய 90 டிகிரி தள்ளிப் பறக்கும். அப்போ மேகமூட்டத்தில்? 1971-ல் அமெரிக்காவில் வில்லியம் கீட்டன் புறாக்களின் முதுகில் சின்னக் காந்தத்தை ஒட்டி விட்டார். வெயிலில் ஒரு பிரச்சினையும் இல்லை. மேகமூட்டமான நாளில் திசை தடுமாறின. அதாவது பூமியின் காந்தப்புலம் பேக்கப்.

மேப் பற்றித்தான் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் சண்டை. 1970-களில் இத்தாலியில் ஃபுளோரியானோ பாப்பி குழு, வாசனை அறியும் நரம்பைத் துண்டித்த புறாக்கள் பழக்கமில்லாத இடத்திலிருந்து வீடு திரும்பத் திணறியதைக் காட்டியது. கூண்டில் இருக்கும்போதே எந்தப் பக்கக் காற்றில் என்ன வாசனை வருதுன்னு புறா சேர்த்து வச்சுக்குது என்பது அவர்கள் விளக்கம். பழகின வழியென்றால் கண்ணே போதும். ஜி.பி.எஸ். கட்டி ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பார்த்தபோது, சில புறாக்கள் நெடுஞ்சாலை மேலேயே பறந்து ஜங்ஷனில் திரும்பின. நம்ம ஆட்கள் மாதிரியே!

திசை பிறப்பில் வரும், முகவரி பழக்கத்தில் வரும்

இந்த எபிசோடில் எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இதுதான். 1950-களில் டச்சு ஆய்வாளர் பெர்டெக், வலசை போய்க்கொண்டிருந்த 11,000-க்கும் மேற்பட்ட ஸ்டார்லிங் பறவைகளை நெதர்லாந்தில் பிடித்து, ஸ்விட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார். ஸ்டார்லிங் நம்ம மைனாவுக்குச் சொந்தக்காரன். வயதான பறவைகள் பாதையைத் திருத்திக்கொண்டு வழக்கமான குளிர்கால இடத்துக்கே போய்ச் சேர்ந்தன. முதல் முறை கிளம்பிய குஞ்சுகள் அதே திசையில், அதே தூரம் பறந்து, ஸ்பெயின் பக்கம் இறங்கின. அடுத்த குளிர்காலங்களிலும் அந்தக் குஞ்சுகள் ஸ்பெயினுக்கே போயின.

யோசிச்சுப் பாருங்க. பிறக்கும்போது கூட வந்தது திசையும் தூரமும் மட்டும்தான். "இதுதான் என் இடம்" என்பது, போய் இருந்து பழகியதில் வந்தது.

இப்போ திண்டிவனத்திலிருந்து கிழக்கே, மரக்காணம் ரோட்டில் திரும்புவோம். உப்பளங்களுக்குப் பக்கத்தில் கழுவெளி இருக்கு. 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்த சதுப்பு நிலம், மழைநீரும் கடல்நீரும் கலக்கும் இடம். குளிர்காலத்தில் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கருவால் மூக்கன் எல்லாம் வடக்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியிருந்து இங்கே வரும். 2021-ல் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

பல கரைப்பறவைகள் ஒரு குளிர்காலத்தைக் கழித்த இடத்துக்கே அடுத்த வருஷமும் வரும். அதனால் ஆக்கிரமிப்பில் இந்த நிலம் சுருங்கினாலோ, தண்ணீர் வரும் வாய்க்கால் அடைபட்டாலோ, சைபீரியாவில் கிளம்பும் பறவைக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. சூரியன், காந்தப்புலம், ஞாபகம் எல்லாம் சரியா வேலை செய்து, சரியா இங்கேயே கொண்டுவந்து இறக்கும். இறங்கின பிறகுதான் தெரியும், தண்ணி இல்லைன்னு. அவ்வளவு தூரம் பறந்து உடம்பு கரைந்து வந்த பறவைக்கு வேறு இடம் தேட எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கும்?

போக்கிடெக்ஸ் பறவையின் திறமையை மட்டும்தான் எழுதும். கூடு அங்கேயே இருக்கும் என்பதை அது சும்மா நம்பிக்கொள்ளும். கழுவெளியில் அந்தப் பாதி நம்ம பொறுப்பு. டிசம்பர், ஜனவரியில் பாண்டிச்சேரி ட்ரிப் போட்டா, ஒரு காலைப் பொழுதை இங்கே ஒதுக்குங்க. பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க, சத்தம் போடாதீங்க, பார்த்ததை இ-பேர்டில் பதிவு பண்ணுங்க. எந்தப் பறவை எத்தனை வந்துச்சுன்னு வருஷா வருஷம் கணக்கு இருந்தாத்தான், குறையும்போது யாராவது கேள்வி கேட்க முடியும்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம் மக்களே.