நகரச் சிறார்களும் நரம்பு நோய்களும்

பெருநகரத்து அரசு மருத்துவமனை ஒன்றின் நரம்பியல் பிரிவில் காத்து நிற்கும் குழந்தைகளைக் காண்பவர், இந்நோய்கள் நகரத்துக்கே உரியவை என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடக் கூடும். அம்முடிவு பிழையானது. அக்குழந்தைகளுள் பலர் தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். மேலும், மருத்துவமனைப் பதிவேட்டில் வந்தவர் தொகை உண்டு. எத்தனை பேரிடையே இருந்து அவர்கள் வந்தனர் என்பது இல்லை. பின்னத்தின் தொகுதி கையில் இருக்கிறது, பகுதி இல்லை. ஆதலின், வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் கணக்கே திட்டமிடுவோருக்குப் பயன்படும்.

இவ்வகையில் குறிப்பிடத்தக்கது, பெங்களூர் நகரிலும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களிலும் 1,02,557 பேரிடம் நடத்தப்பெற்று 2004-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வாகும். குழந்தைகளில் லட்சத்துக்கு 2,653 பேர் ஏதேனும் ஒரு நரம்பு நோய்க்கு ஆட்பட்டிருந்தனர். தலைவலியும், காய்ச்சலுடன் வரும் வலிப்பும் இவ்வாய்வின் கணக்கில் அடங்கியிருப்பதால், இவர்கள் அனைவரும் வாழ்நாள் நோயாளிகள் என்று கொள்ளலாகாது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், லட்சத்துக்குக் கிராமப்புறத்தில் 4,070 பேரும் நகர்ப்புறத்தில் 2,190 பேரும் நோயுற்றிருந்தனர். கால்-கை வலிப்பிலும் இதே நிலைதான்: ஆயிரம் பேருக்குக் கிராமத்தில் 11.9, நகரத்தில் 5.7.

நகரம் சற்றே காக்கப்பட்டிருப்பதற்குக் காரணங்களை ஊகிப்பது கடினமன்று. பிரசவ வேளையில் குழந்தையின் மூளைக்குப் பிராணவாயு குறைதல், குறைமாதப் பிறப்பு, மூளைக்காய்ச்சல், அசுத்தமான நீர், உணவு வழியே நாடாப்புழுவின் முட்டைகள் உடலுட்சென்று மூளையில் கட்டிகளை உண்டாக்குதல் ஆகியவை சிறார்களின் மூளையைத் தாக்கும் முக்கிய வழிகள். இவற்றைத் தடுக்கும் வசதிகள் நகரத்தில் அருகில் உள்ளன. ஆனால் நகரச் சராசரி என்பது மாளிகையையும் குடிசையையும் ஒன்றாகக் கலந்த எண். கழிவுநீர் தேங்கிய சேரியில் பிறக்கும் குழந்தைக்கு அந்தச் சராசரியால் ஆறுதல் ஏதுமில்லை.

ஓர் ஊரின் விகிதத்தை மற்றோர் ஊருக்கு எடுத்தாளுவதிலும் எச்சரிக்கை தேவை. 1980-களில் பம்பாயில் பார்சி சமூகத்தினரிடையே நடத்தப்பெற்ற ஆய்வு நம் நாட்டின் முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று. எனினும் முதியோர் மிகுந்து குழந்தைகள் அருகிய சமூகம் அது. அதன் மொத்த விகிதத்தைக் கொண்டு வேறொரு நகரின் குழந்தை மருத்துவப் படுக்கைகளைக் கணக்கிட்டால் கணக்குப் பொய்த்துவிடும்.

2018-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு வேறொரு காட்சியைத் தருகிறது. ஹைதராபாத் நகரையும், பல்வல், காங்டா, தேன்கானல், வட கோவா ஆகிய பகுதிகளையும் சேர்ந்த 3,964 குழந்தைகள் ஆராயப்பட்டனர். இரண்டு முதல் ஆறு வயதுக்குட்பட்டோரில் 9.2 சதவீதத்தினரிடமும், ஆறு முதல் ஒன்பது வயதினரில் 13.6 சதவீதத்தினரிடமும் நரம்பு வளர்ச்சிக் குறைபாடு ஒன்றேனும் காணப்பட்டது. பெங்களூர்க் கணக்கைவிட இது பன்மடங்கு. இதனால் நோய் பெருகிவிட்டது என்று முடிவு கட்டுவது அவசரமாகும். கேள்விகளே வேறு. செவிப்புலக் குறை, பேச்சுக் குறை, மூத்த பிரிவினரிடம் கவனக் குறைவு, கற்றலில் இடர்ப்பாடு ஆகியவையும் இங்கே தேடப்பட்டன. தேடியதே கணக்கில் ஏறும்.

நகரத்துக்கே உரிய தீங்கு ஒன்றும் உண்டு, அது காரீயம். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் காரீயத்தை மிகுதியாக ஈர்க்கும்; வளரும் மூளையின் அறிவாற்றல் குன்றும். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் காரீயமற்ற பெட்ரோலே விற்கப்படலாயிற்று. வீட்டு வண்ணப்பூச்சில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாதென 2016-இல் விதி வகுக்கப்பட்டது. பழைய மின்கலங்களைச் சந்துகளில் உருக்கும் தொழிலைக் கட்டுப்படுத்துவதோ இவற்றைவிடக் கடினம்.

கால்-கை வலிப்புற்றோரில் பத்துக்கு ஏழு பேர் முறையான மருந்தினால் வலிப்பின்றி வாழ முடியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பீனோபார்பிடோன் போன்ற மருந்துகளின் விலை மிகக் குறைவு. செலவு மருந்தில் இல்லை. நோயுற்ற குழந்தையைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரையிலானோரைப் பரிசோதிக்க வகை செய்கிறது. வலிப்பு, இயக்கக் குறைபாடு, பேச்சுத் தாமதம் ஆகியவை அதில் அடங்கும். பரிசோதனைக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும், அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் செல்கின்றன. பெருநகரங்களிலோ தனியார் பள்ளிகளில் பயில்வோர் ஏராளம். வலிப்பு வருகிறதென்று பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டிலேயே வைக்கப்பட்ட சிறுமியின் பெயரோ எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் இராது. மாநகராட்சியின் பிறப்புப் பதிவேட்டையும், தடுப்பூசி அட்டையையும், பள்ளிச் சேர்க்கைப் பட்டியலையும் வார்டு அளவில் ஒப்பிட்டுப் பார்த்தால் அவள் வீட்டு எண் தெரிந்துவிடும். இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு பெரிதாகத் தேவையில்லை. மூன்று அலுவலகங்களின் ஏடுகள் ஒரே மேசைக்கு வர வேண்டும்.