இ.வி. விற்றாலும் பயம், விற்காவிட்டாலும் பயம்: ஆட்டோ துறையில் சம்பளம் வாங்குறவங்களுக்கு ஒரு கணக்கு

ஹோம் லோன் பற்றி எப்போ வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி தவறாம வந்துடுது. "ஸ்ரீபெரும்புதூர்ல என்ஜின் பார்ட்ஸ் கம்பெனில இருக்கேன். எல்லாரும் எலெக்ட்ரிக் வண்டி வாங்க ஆரம்பிச்சிட்டா என் வேலை என்ன ஆகும்? இருபது வருஷ லோன் எடுக்கலாமா?"

இன்னொரு பக்கம், ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இ.வி. கம்பெனியில சேர்ந்தவங்க இந்தக் கேள்வியே கேட்கறதில்லை. "நாங்க எதிர்காலத்துல வேலை பார்க்குறோம், எங்களுக்கு என்ன?" என்கிற தைரியத்துல கார் லோனும் வீட்டு லோனும் சேர்த்தே எடுக்குறாங்க. எனக்கு இவங்களைப் பத்தித்தான் கொஞ்சம் கூடுதல் கவலை. ஏன்னு சொல்றேன்.

புக்கிங் வேற, விற்பனை வேற

முதல்ல அமெரிக்காவுக்குப் போயிட்டு வருவோம். அங்க நடந்தது நம்ம ஆளுங்களுக்கு நல்ல பாடம்.

ஃபோர்டு கம்பெனியின் எஃப்-150 பிக்கப் டிரக் அங்கே பல வருஷமா அமோகமா விற்கிற வண்டி. அதோட எலெக்ட்ரிக் மாடல் 'லைட்னிங்' 2021 மே மாதம் அறிமுகமானது. 100 டாலர் கட்டினால் புக்கிங், வேண்டாம்னா பணம் வாபஸ். கிட்டத்தட்ட 2 லட்சம் புக்கிங் குவிந்தது. அதை நம்பி, மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில் இருந்த ஆலையை வருஷத்துக்கு 1.5 லட்சம் வண்டி செய்யும் அளவுக்குப் பெரிதாக்கத் திட்டமிட்டார்கள். ஆனால் 2023 முழுக்க அமெரிக்காவில் விற்றது சுமார் 24,000 வண்டிதான்.

காரணம் ஒன்றல்ல. சுமார் 40,000 டாலர் என்று அறிவித்த அடிப்படை மாடலின் விலை 2023 மார்ச்சுக்குள் கிட்டத்தட்ட 60,000 டாலருக்குப் போயிருந்தது. அதே நேரத்தில் வாகனக் கடன் வட்டியும் ஏறியிருந்தது. 100 டாலரில் ஆசையைப் பதிவு செய்யலாம், இ.எம்.ஐ. கட்ட முடியுமா என்பது வேற கணக்கு.

2024 ஜனவரியில் ஃபோர்டு அறிவித்தது: ஏப்ரல் 1 முதல் அந்த ஆலையில் ஒரே ஷிஃப்ட். பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 1,400 பேர். அவர்களில் சுமார் 700 பேரை பக்கத்தில் இருந்த மிச்சிகன் அசெம்பிளி ஆலைக்கு மாற்றினார்கள். அங்கே ஓடிக்கொண்டிருந்தது பிராங்கோ, ரேஞ்சர் வண்டிகளின் லைன். இ.வி. லைன்ல இருந்தவங்களைத் தாங்கிப் பிடிச்சது என்ஜின் வண்டி லைன்! மற்றவர்களுக்கு வேறு ஆலைகளில் இடம், அல்லது தொழிற்சங்கம் 2023 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வாங்கித் தந்த ஓய்வுத் தொகை.

கதை அதோட முடியலை. இ.வி. வாங்கினால் கிடைத்துவந்த 7,500 டாலர் வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30-ல் முடிந்தது. கடைசி நாள் வரைக்கும் ஷோரூமில் கூட்டம், அடுத்த மாசம் விற்பனை சரிவு. அக்டோபர் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் டெட்ராய்ட் இ.வி. ஆலையில் சுமார் 1,200 பேரையும், ஒஹாயோவில் உள்ள பேட்டரி ஆலையில் சுமார் 550 பேரையும் குறைப்பதாக அறிவித்தது. தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் தனி. டிசம்பரில் ஃபோர்டு லைட்னிங் தயாரிப்பையே நிறுத்துவதாகச் சொல்லிவிட்டது.

என்ஜின் செய்யுறவங்க வேலைதான் முதல்ல போகும்னு எல்லாரும் பேசிட்டு இருந்தப்போ, அங்கே முதல் அடி விழுந்தது இ.வி. செய்தவங்க மேலே.

நம்ம ஊர்ல மானியம்தான் பிரேக், ஆக்சிலரேட்டர்

இங்கேயும் டிமாண்ட் அரசாங்கத்தின் பேனா முனையைப் பார்த்துத்தான் நகருது. 2021 ஜூனில் எலெக்ட்ரிக் டூவீலருக்கான மத்திய மானியத்தை ஒரு கிலோவாட் ஹவருக்கு 15,000 ரூபாயாக உயர்த்தினார்கள். வண்டி விலையில் 40 சதவீதம் வரை கிடைக்கும். 2023 ஜூன் 1-ல் அதை 10,000 ரூபாய், அதிகபட்சம் 15 சதவீதம் என்று குறைத்தார்கள். அந்த மே மாதம் ஒரு லட்சத்துக்கும் மேல் பதிவான எலெக்ட்ரிக் டூவீலர்கள், ஜூனில் 50,000-க்கும் கீழே வந்தன. ஒரே மாசத்துல பாதிக்கும் குறைவு. வண்டி அதே வண்டி, மைலேஜ் அதே மைலேஜ்.

மானியம் அதற்குப் பிறகும் படிப்படியாகக் குறைந்தது. 2025 ஏப்ரலில் அது ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய் என்று ஆனது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையான பெட்ரோல் பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. இ.வி.க்கு 5 சதவீதம் அப்படியே இருக்கு. அதாவது ரெண்டுக்கும் நடுவில் இருந்த வரி இடைவெளி ஒரே நாளில் சுருங்கிடுச்சு.

மொத்த டிமாண்ட் ஏறும்போதே உங்க கம்பெனி இறங்கலாம் என்பதையும் மறந்துடாதீங்க. ஓலா எலெக்ட்ரிக் 2021-ல் 499 ரூபாய்க்கு புக்கிங் திறந்தபோது 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பதிவு செய்தார்கள். 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்கு ஐ.பி.ஓ., அதே மாதம் பங்கு 150-ஐத் தாண்டியது. அடுத்த வருஷம் 50-க்கும் கீழே. அந்தக் காலத்தில் நாட்டில் இ.வி. ஸ்கூட்டர் விற்பனை குறையவில்லை, டி.வி.எஸ்., பஜாஜ் போன்றவர்களிடம் வாடிக்கையாளர்கள் போனார்கள். 2024 நவம்பரிலும் 2025 மார்ச்சிலும் ஓலாவில் ஆட்குறைப்பு பற்றிய செய்திகள் வந்தன. இரண்டாவது முறை ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேல்.

அப்போ என்ஜின் பார்ட்ஸ்காரங்க?

2024-25-ல் இந்தியாவில் விற்ற டூவீலர்களில் நூற்றுக்கு ஆறுதான் எலெக்ட்ரிக். கார்களில் மூணு கூட இல்லை. மொத்தச் சந்தையும் வளர்ந்துகொண்டிருப்பதால் என்ஜின் எண்ணிக்கை சட்டென்று விழும் நிலை இப்போதைக்கு இல்லை. ஆனால் மூணு சக்கர வண்டிகளில், இ-ரிக்‌ஷாவையும் சேர்த்தால், பாதிக்கு மேல் ஏற்கெனவே எலெக்ட்ரிக். அதனால "ஆட்டோ துறை எப்படி இருக்கு?"ன்னு பொதுவா கேட்டுப் பிரயோஜனம் இல்லை. உங்க கம்பெனி என்ன பார்ட் செய்யுது, எந்த வண்டிக்குச் செய்யுதுன்னு பாருங்க.

பிஸ்டன், ரிங், வால்வு, கிராங்க் ஷாஃப்ட், கிளட்ச், சைலன்சர், ஸ்பார்க் பிளக் எல்லாம் எலெக்ட்ரிக் வண்டியில் கிடையாது. டயர், பிரேக், சஸ்பென்ஷன், சீட், லைட், வீல் இவை எந்த வண்டிக்கும் வேணும். பிஸ்டன் கம்பெனியில் இருந்தால் உடனே ரிசைன் பண்ணணும்னு அர்த்தமில்லை. ஸ்ரீராம் பிஸ்டன்ஸ் பேரிலேயே பிஸ்டனை வெச்சிருக்கிற கம்பெனி. அது எலெக்ட்ரிக் மோட்டார் செய்யும் ஒரு நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்கை வாங்கியிருக்கு. நிர்வாகம் புதுப் பணத்தை எங்கே போடுதுன்னு பார்க்கறதுதான் முக்கியம்.

லிஸ்டட் கம்பெனின்னா ஆண்டறிக்கையைத் திறங்க. எந்தப் பொருளிலிருந்து எவ்வளவு வருமானம், ஒரே வாடிக்கையாளரிடமிருந்து எத்தனை சதவீதம், புது முதலீடு எந்த லைனுக்கு, இந்த மூணும் போதும். முதலீட்டாளர் பிரசன்டேஷன்ல 'பவர்ட்ரெய்ன் அக்னாஸ்டிக்'னு ஒரு வார்த்தை வரும். என்ஜினோ மோட்டாரோ, எங்க பார்ட் ரெண்டுக்கும் பொருந்தும்னு அர்த்தம். அந்த வார்த்தைக்குப் பக்கத்துல சதவீதம் போட்டிருந்தா நம்புங்க, வெறும் வார்த்தையா இருந்தா கொஞ்சம் தள்ளி வைங்க. பிரைவேட் லிமிடெட்னா, கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்துல சின்னக் கட்டணம் கட்டி பேலன்ஸ் ஷீட் பார்க்கலாம். இ.வி. ஸ்டார்ட்அப்பா இருந்தா லாபத்தை விட்டுடுங்க. மாசம் எவ்வளவு பணம் கரையுது, பேங்குல எவ்வளவு மிச்சம், அதை இதால் வகுத்தா எத்தனை மாசம் வருதுன்னு பாருங்க.

வேலை போனா கையில என்ன வரும்?

இதைத்தான் யாரும் போட்டுப் பார்க்கறதில்லை. ஒரு கற்பனைக் கணக்கு. வயசு 29, ஆறு வருஷ சர்வீஸ். மாசம் மொத்தச் சம்பளம் 40,000, அதில் கணக்குக்கு எடுக்கும் ஊதியம் 20,000. ஓவர்டைமும் இன்சென்டிவும் சேர்ந்து இன்னொரு 9,000. வீட்டுக் கடன் 25 லட்சம், 20 வருஷம், 8.5 சதவீதம். இ.எம்.ஐ. சுமார் 21,700.

கிராஜுவிட்டி: 20,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஆறு வருஷத்தால் பெருக்கினால் சுமார் 69,230. சட்டப்படி ஆட்குறைப்பு நஷ்டஈடு, முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் ஊதியம்: 60,000. ரெண்டும் சேர்த்து 1.29 லட்சம். ஆறு இ.எம்.ஐ.க்குக்கூட முழுசா வராது. நோட்டீஸ் காலச் சம்பளம் தனியா வரும். வழக்கமா ஒரு மாதம், பெரிய ஆலைகளில் மூணு மாதம்.

இதுவும் நீங்க சட்டப்படி 'தொழிலாளி'யாக இருந்தால்தான். மேற்பார்வை வேலையில் 18,000-க்கு மேல் வாங்கினாலோ, மேனேஜர் பொறுப்பில் இருந்தாலோ அந்த 60,000 சட்டப்படி கிடையாது. ஆஃபர் லெட்டர்ல என்ன எழுதியிருக்கோ அதான். ஒப்பந்த காலம் முடிந்து புதுப்பிக்கவில்லை என்றால் அது ஆட்குறைப்பாகவே கணக்கில் வராது. நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி அஞ்சு வருஷத்துக்குப் பிறகுதான். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில், குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் நேரடியாக வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வருஷத்துக்கே கிராஜுவிட்டி உண்டு. உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து நீங்க எந்த வகைன்னு இன்னைக்கே பாருங்க.

சங்கம் பேசினால் கிடைப்பது வேற லெவல். ஃபோர்டின் மறைமலை நகர் ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியபோது (அதுக்கும் இ.வி.க்கும் சம்பந்தமில்லை, இந்தியாவில் வருஷக்கணக்கில் நஷ்டம்), நிரந்தரத் தொழிலாளர்கள் பல மாதம் போராடி வாங்கின தொகை சட்டம் சொல்லும் 15 நாளைவிடப் பல மடங்கு. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில் நாற்காலி கிடையாது.

லோன் எடுக்குறதுக்கு முன்னாடி

டிமாண்ட் குறைஞ்சா வேலை போறதுக்கு முன்னாடியே ஒண்ணு போகும்: ஓவர்டைம். அப்புறம் ரெண்டாவது ஷிஃப்ட், அதோட ஷிஃப்ட் அலவன்ஸ். மேலே சொன்ன உதாரணத்துல 49,000 வர்ற மாசத்தை வெச்சு இ.எம்.ஐ. முடிவு பண்ணினவர், 40,000 வரும்போதே கிரெடிட் கார்டைத் தேய்க்க ஆரம்பிச்சிடுவார். ஓ.டி. பணத்தைச் சம்பளமா எண்ணாதீங்க. 40,000-ஐ வெச்சுக் கணக்குப் போடுங்க. அதுல 21,700 எனக்கு அதிகம்தான். லோன் தொகையைக் குறைங்க, இல்லைன்னா கைக்காசு சேர்ந்த பிறகு வாங்குங்க.

எமர்ஜென்சி ஃபண்ட் ஆறு மாசம்னு நானே பல வீடியோல சொல்லியிருக்கேன். ஆட்டோ துறைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாசம் வைங்க. ஐ.டி.யில் ஒருத்தர் வேலை இழந்தா அவர் தனியா இன்டர்வியூ போவார். ஒரு ஆலையில் ஷிஃப்ட் போனா, அதே அனுபவம் உள்ள நூத்துக்கணக்கான பேர் அதே ஒரகடத்துல அதே வாரம் வேலை தேடுவாங்க.

முதலீட்டுக்கு வருவோம். இ.வி. கம்பெனில சம்பளம், அதே கம்பெனி ஈசாப், மேற்கொண்டு டீமேட்ல இ.வி. பங்குகள், பத்தாததுக்கு ஆலைக்குப் பக்கத்துல "ரேட் ஏறும்"னு வாங்கின பிளாட். ஒரே ஒரு மானிய அறிவிப்பு நாலையும் சேர்த்து அடிக்கும். ஈசாப்ல இன்னொரு வலி: எக்சர்சைஸ் பண்ணுற அன்னைக்கு இருக்கிற மதிப்பை வெச்சு சம்பள வரி கட்டணும். பிறகு பங்கு விழுந்தாலும் கட்டின வரி திரும்பாது. அந்த நஷ்டத்தை மூலதன லாபத்தோட மட்டும்தான் கழிக்கலாம். உங்க துறையில்தான் உங்க சம்பளமே இருக்கு. மிச்சப் பணம் இண்டெக்ஸ் ஃபண்ட், பி.எஃப்., டெபாசிட்னு வேற இடத்துல இருக்கட்டும். மெடிக்கல் இன்சூரன்ஸும் கம்பெனி குரூப் பாலிசியை மட்டும் நம்பாம தனியா ஒண்ணு எடுங்க; வேலையோட சேர்ந்து அதுவும் போயிடும்.

ஒருவேளை செட்டில்மென்ட் பேப்பர் கைக்கு வந்துட்டா, கையெழுத்துக்கு முன்னாடி ஒவ்வொரு தொகையும் என்ன பேர்ல வருதுன்னு பிரிச்சு எழுதச் சொல்லுங்க. கிராஜுவிட்டிக்கு 20 லட்சம் வரை, தொழிலாளிக்கான ஆட்குறைப்பு நஷ்டஈட்டுக்கு 5 லட்சம் வரை வரிவிலக்கு இருக்கு. 'எக்ஸ் கிரேஷியா'ன்னு ஒரே வரியில மொத்தமா போட்டுட்டா டி.டி.எஸ். பிடிச்சிடுவாங்க, அப்புறம் ரிட்டர்ன்ல அதைப் பிரிச்சு நிரூபிக்கறது உங்க தலைவலி. பி.எஃப்.ஐ அன்னைக்கே எடுக்காதீங்க. நீங்களா வேலையை விட்டு, அஞ்சு வருஷம் ஆகாம எடுத்தா அதுக்கும் வரி உண்டு, அடுத்த கம்பெனிக்கு மாத்திக்கிட்டா பழைய வருஷங்களும் சேர்ந்து எண்ணப்படும்.