தண்டவாளத்தில் யானை… கேமராவுக்கு எப்படித் தெரியுது? காரிலும் இதே டெக்னிக்தான்!

2021 நவம்பரில் ஓர் இரவு. கோவை நவக்கரை அருகே ரயில் மோதி 3 யானைகள் பலி. யானையைப் பார்த்த பிறகு பிரேக் போட்டாலும் ரயில் உடனே நிற்காது. முன்கூட்டியே தெரியணும். அதற்காகத்தான் 2024 பிப்ரவரியில் மதுக்கரை காட்டில் 12 கோபுரங்களில் ஏஐ கேமராக்கள் வந்தன.

எப்படி வேலை செய்யுது?

கேமராவுக்கு யானையும் பாறையும் ஒண்ணுதான்: லட்சக்கணக்கான புள்ளிகள். ஏராளமான யானைப் படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருள்தான் 'இது யானை' என்று சொல்லும். இருட்டில் உடல் வெப்பத்தை வைத்து தெர்மல் கேமரா கண்டுபிடிக்கும். உடனே வனத்துறைக்கும் ரயில்வேக்கும் அலர்ட் போகும்.

ஜிபியு எதுக்கு?

இத்தனை புள்ளிகளையும் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டால் தாமதமாகும். கம்ப்யூட்டர் கேம்களால் பிரபலமான கிராபிக்ஸ் பிராசஸர், ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒரே நேரத்தில் போடும். அதனால்தான் இதுபோன்ற வேலைக்கு அது ஏற்றது.

காரில்?

'அடாஸ்' வசதிக்கும் அடிப்படை இதுதான். ஆனால், 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரே நொடியில் சுமார் 28 மீட்டர் பாய்ந்துவிடும். இணையத்துக்கு அனுப்பி பதில் வாங்க நேரமில்லை; கணக்கு காருக்குள் இருக்கும் சிப்பிலேயே முடியணும்.

கனமழை, பனிமூட்டம், லென்ஸில் சேறு என்றால் கேமராவும் ஏமாறும். அடாஸ் உதவிக்குத்தான். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் உங்க பொறுப்பு!